மூன்றாவது தூண் முடிந்த நாள்

டார்பன் ஸ்பிரிங்ஸ், ஃப்ளோரிடா
மார்ச் 14, 1988

தெமெலிஸ்,

காபிக்கடைக்கு இரண்டு முறை போன் செய்தேன். இரண்டு முறையும் கடைக்காரர், "இப்பத்தாம்மா வெளிய போனான்" என்றார். இரண்டாவது முறை அவருக்குப் பின்னால் உன் இருமல் கேட்டது. நாற்பத்தேழு வருஷமாக அந்த இருமலைக் கேட்கிறேன். சரி, எழுதுகிறேன்.

நமக்கு வர வேண்டிய கூலிக்காக ஸ்டமாட்டிஸின் ஓட்டல் மீது பிப்ரவரி 19 அன்று நான் பற்றுரிமை பதிவு செய்தேன். உன்னைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நீ விட்டிருக்க மாட்டாய். "என் ஞானஸ்நான மகளோட அப்பன் கழுத்துல காகிதத்தக் கட்டிட்டியே அக்கா" என்று சொல்லிவிட்டு நீ கிரேக்கத்துக்கு, கலிம்னோஸ் தீவுக்கு விமானம் ஏறினாய். அந்தச் சண்டையை இங்கே திரும்பப் போட வரவில்லை. இன்று வந்த தபாலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

நீதிமன்ற எழுத்தர் அனுப்பிய ஒரே ஒரு தாள். நம் பற்றுரிமையை ஸ்டமாட்டிஸ் எதிர்க்கிறான் என்று அதில் இருக்கிறது. சாதாரணமாக வழக்குப் போட நமக்கு ஒரு வருஷம் உண்டு. இந்த ஒரு தாள் வந்தால் அது அறுபது நாளாகச் சுருங்கிவிடும். நான் உறையைப் பிரித்த நாளிலிருந்து எண்ணக் கூடாதாம், எழுத்தர் தபாலில் போட்ட நாளிலிருந்து எண்ண வேண்டுமாம். அது மார்ச் 10. உனக்கும் எனக்கும் தெரியாமலே நான்கு நாள் போய்விட்டது. மே 9, திங்கட்கிழமை, அறுபதாவது நாள். அன்று அலுவலகம் மூடுவதற்குள் வழக்குப் பதிவாகாவிட்டால் உரிமை தானாகவே அணைந்துபோகும். சட்டத்தில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. யாரும் ஊதி அணைக்க வேண்டியதில்லை.

வழக்கறிஞர் ரூத் ஒவர்ட்டனைப் பார்த்தேன். வயதான பெண்மணி. மேசையில் நாள்காட்டியைத் தவிர வேறெதுவும் இல்லை. அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: கடைசியாக வேலை செய்த நாள் எது? அன்றிலிருந்து தொண்ணூறு நாளுக்குள் பற்றுரிமை பதிவாகியிருக்க வேண்டும். நவம்பர் 27 அன்று கம்ப்ரஸரையும் குழாய்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தோமே, அதை வைத்துத்தான் நான் எண்ணியிருந்தேன். அவர் தலையாட்டி மறுத்தார். "ஏத்திக்கிட்டு வந்தது வேலை இல்லம்மா. கட்டடத்துக்குன்னு எதையாவது சேத்த கடைசி நாள் எது? அதச் சொல்லு."

அது உனக்குத்தான் தெரியும். உன் டைரி உன்னிடம் இருக்கிறது.

நகராட்சிப் படகுத்துறை வேலையை மறந்துவிட்டாயா? நகராட்சி நிலத்தில் பற்றுரிமை ஏறாது, ஒப்பந்ததாரர் கட்டிய ஜாமீன் பத்திரத்தில்தான் கேட்க வேண்டும், அதற்குத் தொண்ணூறு நாளுக்குள் கடிதம் கொடுக்க வேண்டும் என்று நாம் தெரிந்துகொண்டது தொண்ணூற்று நான்காம் நாள். "நம்ம ஆளுங்கதான், பண்டிகை முடியட்டும்" என்று சொன்னது நீ. அந்த நான்கு நாளுக்காக அப்பாவின் படகை விற்றோம்.

இந்த முறை நாற்பத்தோராயிரம் டாலர். கம்ப்ரஸர் கடனுக்கு வங்கி ஜூன் வரைக்கும்தான் பொறுக்கும். அதற்குப் பிறகு பட்டறை அவர்களுடையது. நான் பட்டறைக்கு மேல்தான் குடியிருக்கிறேன் என்பது நினைவிருக்கிறதா?

ரூத் சொன்ன இன்னொன்றையும் எழுத வேண்டும். அந்த ஓட்டலுக்கு அடியில், தண்ணீர்க் குகைக்குள் நீ எழுப்பிய மூன்று தூண்களால் அந்த நிலத்தில், சுவரில், ஜன்னலில், கதவுப் பிடியில்கூட நமக்குப் பங்கு ஏறியிருக்கிறதாம். யாரும் எழுதித் தரவில்லை. உழைப்பு உள்ளே போன நாளிலேயே உரிமை முளைத்துவிட்டதாம். கூலி வரும்வரை அது அங்கே இருக்குமாம், காலக்கெடுவை நாம் தவறவிடாத வரைக்கும். முப்பது வருஷமாக நான் பில் எழுதுகிறேன். இதைக் கேட்டபோது கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

தேதியை எழுது.

எவ்டோகியா


கலிம்னோஸ்
மார்ச் 27, 1988

அக்கா,

இருமல் என்னுடையதுதான்.

நீ கேட்ட தேதி நவம்பர் 3. மூன்றாவது தூணின் பையில் கான்கிரீட் நிரம்பிய நாள். டைரியில் கடைசி வரி அதுதான். அதற்குப் பிறகு அங்கே எந்த வேலையும் இல்லை. வேறு தேதியை யாராவது சொன்னால் நம்பாதே.

கத்தரீனாவை எண்ணெயும் தண்ணீருமாகத் தொட்டியிலிருந்து கையில் வாங்கியவன் நான். அன்று முதல் ஸ்டமாட்டிஸ் எனக்குக் கும்பாரோஸ், ஞானஸ்நானத்தால் வந்த உறவு. கூடப் பிறந்தவனோடு சண்டை போடலாம், பேசாமல் இருக்கலாம், அதற்கு நீயும் நானும் சாட்சி. கும்பாரோஸ் மீது வழக்குப் போட்டால் தேவாலயத்தில் எந்த வரிசையில் போய் நிற்பது? உனக்குத் தெரிந்தால் சொல்லு.

அவனிடம் பணம் இல்லை. வங்கி அவனுக்குத் தரவில்லை. வந்தால் தருவான்.

ஏப்ரல் 21 அன்று கடற்பஞ்சு எடுக்கும் கப்பலில் கிளம்புகிறேன். அக்டோபரில்தான் கரை. முன்பணம் கொடுப்பார்கள், அதை உனக்கு அனுப்புகிறேன். ஜூனுக்குப் போதாது, தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தெமெலிஸ்


டார்பன் ஸ்பிரிங்ஸ்
ஏப்ரல் 7, 1988, பெரிய வியாழன்

தெமெலிஸ்,

உன் கடிதம் நேற்று வந்தது. உடனே ரூத்திடம் கொண்டுபோனேன். நவம்பர் 3 என்றால் தொண்ணூறாவது நாள் பிப்ரவரி 1. நான் பதிவு செய்தது 19. அவர் நாள்காட்டியில் விரலை வைத்துப் பதினெட்டுக் கட்டங்களை எண்ணினார். "பதினெட்டு நாள் லேட். இது தெரிஞ்சும் நான் வழக்குப் போட்டா அது பொய் வழக்கும்மா" என்று கோப்பை மூடினார். கோபமில்லாமல்தான் மூடினார்.

அங்கிருந்து நேராக ஓட்டலுக்குப் போனேன். நீ திட்டுவாய் என்று தெரிந்துதான் போனேன். சாப்பாட்டுக் கூடத்தில் ஸ்டமாட்டிஸ் தனியாக உட்கார்ந்து நோன்புக்கு ஆக்டோபஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டான். அந்த மரியாதையில் அவன் குறைவைத்ததே இல்லை.

"அக்கா, நான் குடுக்க மாட்டேன்னு சொல்லல. பேங்க் என்ஜினியர், பாக்க முடியாத வேலைக்குக் கையெழுத்துப் போட மாட்டேங்கிறான். அவனக் குத்தம் சொல்ல முடியுமா? நீ இறங்கிப் பாத்தியா? நான் பாத்தேனா? கீழ தூண் நிக்குதா, சுறா நிக்குதான்னு யாருக்குத் தெரியும்?"

கூடத்துச் சுவரில் விரிசல் வளர்வது நின்றுபோனதே என்றேன்.

"நின்னுச்சு. அதுவா நின்னுச்சோ என்னவோ."

ஓட்டலை வாங்க டல்லாஸிலிருந்து ஆள் வந்திருக்கிறான், பற்றுரிமை இருக்கும்வரை விற்க முடியவில்லை, அதனால்தான் எதிர்ப்புத் தாள் அனுப்பினேன் என்று ஒளிக்காமல் சொன்னான். பிறகு உன் மேல் பாய்ந்தான். உன்னை மறக்க முடியாதவர்கள் எல்லாரும் கடைசியில் உன் மேல்தான் பாய்கிறார்கள்.

"கத்தரீனா பேர் நாள் விருந்துக்காவது நேரத்துக்கு வந்தானா? ஞானத் தகப்பன்! நூத்தம்பது பேர் ஆடி ஓஞ்சப்புறம் வந்து நிக்கிறான், தலையில தண்ணி சொட்டச் சொட்ட. 'என்ன கும்பாரே, மீனுக்குத் தாலாட்டுப் பாடிட்டு வர்றியா'ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டேன். ஊமை மாதிரி நின்னான்."

அன்று நான் காய்ச்சலில் கிடந்தேன். விருந்துக்கு வரவில்லை. இதுவரை யாரும் எனக்கு இதைச் சொல்லவில்லை.

கத்தரீனாவின் பேர் நாள் நவம்பர் 25. அவள் பேருக்குரிய புனித கத்தரீனாவின் திருநாளை இந்த ஊரில் யாரும் மாற்றிச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்து ஒப்பந்த வரைபடத்தை விரித்தேன். நீ படத்தைப் பார்ப்பாய், ஓரத்தில் இருக்கும் வரிகளைப் படிக்க மாட்டாய். அதைப் படிப்பது நான். ஏழாவது வரி இது: 'கான்கிரீட் இறுகி இருபத்தொரு நாளுக்குப் பிறகு, தூணின் தலைக்கும் பாறைக் கூரைக்கும் நடுவே உள்ள இடைவெளியை ஆப்பு வைத்து அடைக்க வேண்டும்.' முதல் இரண்டு தூண்களுக்கும் நீ அடைத்த நாள் நான் எழுதிய பில்லில் இருக்கிறது. மூன்றாவதற்கு இல்லை. நவம்பர் 3-லிருந்து இருபத்தொரு நாள் என்றால் 24.

ரூத்தை மறுபடி பார்த்தேன். பற்றுரிமை பதிவானபோது நவம்பர் 25-லிருந்து எண்பத்தாறு நாள்தான் ஆகியிருந்தது. ஆனால் அவர் எச்சரித்தார். "தன் தப்பத் தானே சரிபண்ண இறங்கியிருந்தா அந்த நாள் கணக்குல சேராது. ஒப்பந்தத்துல சொன்ன வேலைய முடிக்க இறங்கியிருந்தா சேரும். எதுக்கு இறங்கினார்னு அவரே எழுதணும். நீ ஊகிச்சு எழுதுறது எனக்கு வேண்டாம்."

நானும் ஊகிக்கப் போவதில்லை. உன் தலை ஏன் நனைந்திருந்தது, தெமெலிஸ்?

கப்பல் கிளம்புவதற்குள் இது உனக்குக் கிடைக்க வேண்டும் என்று இன்று தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். தபால்துறைக்காக மெழுகுவர்த்தி ஏற்றியது இதுதான் முதல் முறை.

எவ்டோகியா


கலிம்னோஸ்
ஏப்ரல் 19, 1988

அக்கா,

கடிதம் நேற்று வந்தது. நாளை மறுநாள் கப்பல். உட்கார்ந்தால் ஒரேயடியாக எழுதிவிட வேண்டும். எழுந்தால் எழுத மாட்டேன்.

ஈஸ்டர் அன்று வழக்கம்போல் மலையிலிருந்து வெடி வைத்தார்கள். வீடுகள் அதிர்ந்தன. எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றேன். இந்தப் பழக்கம் எனக்கு நவம்பர் 25 அன்று வந்தது. அன்று நான் ஓட்டலுக்குக் கீழே இருந்தேன்.

அப்பா நமக்குச் சொல்லிவைத்தது உனக்குத் தெரியும். முக்குளிப்பவன் மேலே வந்து 'முடிந்தது' என்று சொல்லிக் கைகொடுத்துவிட்டால், அந்த வேலைக்கு மறுபடி இறங்கக் கூடாது. இறங்கினால் முதலில் சொன்னது பொய். நவம்பர் 3 அன்று மூன்றாவது பை நிரம்பி, தலை கூரையை முட்டியதைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மேலே வந்தேன். ஸ்டமாட்டிஸுக்குக் கைகொடுத்து 'முடிந்தது' என்றேன். முதல் இரண்டு தூண்களில் இடைவெளி விட்டதற்கு நம் கலவை சரியில்லை என்று நினைத்திருந்தேன். மூன்றாவதில் கலவையை மாற்றியிருந்தேன், அதனால் இடைவெளி விடாது என்று நம்பினேன். ஏழாவது வரியை நான் படித்ததே இல்லை.

24-ஆம் தேதி விருந்துக்கு மேசை போடப் போனேன். கூடத்துச் சுவரில் விரிசல் வளர்கிறதா என்று பார்க்க அதன் குறுக்கே நான் ஒட்டிவைத்த கண்ணாடித் துண்டு, மயிரிழை அளவுக்கு உடைந்திருந்தது. மூன்றாவது தூணுக்கு நேர் மேலே. யாரும் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

மறுநாள் மதியம், எல்லாரும் தேவாலயத்திலிருந்து வருவதற்குள் முடித்துவிடலாம் என்று தனியாக இறங்கினேன். ஓட்டலை ஒட்டிய குளத்தில் முப்பத்தைந்து அடி, பிறகு சுரங்கத்தில் அறுபது அடி. அந்தக் குகையை உனக்கு நான் சொன்னதே இல்லை. சொல்லத் தெரியவில்லை. விளக்கைத் தூக்கினால் நம் தேவாலயம் மூன்று அதற்குள் போகும். தண்ணீர் இருக்கிறதா என்றே சந்தேகம் வரும், அவ்வளவு தெளிவு. சுவரெல்லாம் சிப்பி. மனிதன் பிறப்பதற்கு முன் செத்த சிப்பி. அதற்கு நடுவில் நம் மூன்று தூண்கள் வெள்ளையாக நிற்கின்றன. கட்டினவன் நான்தான். மனிதன் வைத்த எதுவும் அங்கே அவ்வளவு சின்னதாகத் தெரியும்.

மூன்றாவது தூணின் தலைக்கு மேல் இரண்டு விரல் நுழையும் இடைவெளி. தூண் எதையும் தாங்கவில்லை. சும்மா நின்றது.

ஆப்பு வைக்கத் தொடங்கினேன். அப்போது கூரை அதிர ஆரம்பித்தது. விருந்து நான் நினைத்ததைவிடச் சீக்கிரம் தொடங்கிவிட்டது. தண்ணீருக்குள் பாட்டு கேட்காது, அடி மட்டும்தான் கேட்கும். சூஸ்டா ஆட்டம் என்று அடியை வைத்தே தெரிந்தது. கூரையிலிருந்து பொடி உதிர்ந்தது. நூற்றைம்பது பேர், அக்கா. குழந்தை நடுவில் ஆடிக்கொண்டிருப்பாள்.

நான் மேலே ஓடிப்போய் எல்லாரையும் வெளியே வரச் சொல்லியிருக்க வேண்டும். நான் அப்படிச் செய்யவில்லை. 'முடிந்தது' என்று சொன்னவன் எந்த வாயால் அதைச் சொல்வது என்று யோசித்தேன். அந்த யோசனைக்காகத்தான் இங்கே ஓடிவந்தேன், உன் காகிதத்துக்காக அல்ல.

ஆப்புகளை அடித்தேன், சிமெண்டைப் பிடிபிடியாக அப்பினேன். மற்ற இரண்டு தூண்களிலும் கை வைத்தால் அதிர்வு இருந்தது. மூன்றாவதில் இல்லை. கடைசி ஆப்பை நான்காவது அடி அடித்தபோது தூணுக்குள் ஆட்டம் வந்தது. ஒவ்வொரு காலடியும் என் உள்ளங்கையில். தூண் பாரத்தை வாங்கிக்கொண்டது. கூரையிலிருந்து பொடி உதிர்வது நின்றது. விளக்கை அணைத்துவிட்டு, காற்று தீரும் தறுவாய் வரை தூணைக் கட்டிக்கொண்டு இருந்தேன். தேவாலயத்தில் எனக்கு வராதது அங்கே வந்தது. அதற்கு மேல் எழுத மாட்டேன்.

பிறகு மேலே வந்தேன். ஸ்டமாட்டிஸ் கேலி செய்தான். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் இருந்தார்கள், அக்கா. ஒருவர் குறையவில்லை.

இதுதான் நடந்தது. வேலையா, தப்பைச் சரிபண்ணியதா என்று நீயும் ரூத்தும் முடிவு செய்யுங்கள். ஒன்றுதான் கேட்கிறேன். வழக்குப் போடுவதற்கு முன் இந்தக் கடிதத்தை ஸ்டமாட்டிஸிடம் காட்டு. நீதிமன்றக் காகிதத்தில் தெரிந்துகொள்வதற்கு முன் என் கையெழுத்தில் தெரிந்துகொள்ளட்டும்.

தெமெலிஸ்


டார்பன் ஸ்பிரிங்ஸ்
மே 10, 1988

தெமெலிஸ்,

இதைத் துறைமுக அலுவலக முகவரிக்கு அனுப்புகிறேன். அக்டோபரில் படிப்பாய். அவசரமில்லை. இந்தக் கடிதத்துக்குக் கெடு கிடையாது.

உன் கடிதம் மே 6, வெள்ளிக்கிழமை மாலைதான் வந்தது. பதினேழு நாள். அறுபதில் மூன்று நாள் மீதி, அதில் இரண்டு விடுமுறை. நின்றுகொண்டே படித்தேன். முடித்தபோது உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே ரூத்தின் வீட்டுக்குப் போய், கிரேக்கத்தில் நீ எழுதியதை வரி வரியாக ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் வரைபடத்தின் ஏழாவது வரியை இரண்டு முறை படித்தார். கான்கிரீட் இறுகும்போது சுருங்கத்தான் செய்யும், அது தெரிந்துதான் அந்த வரியை எழுதியிருக்கிறார்கள் என்றார். "உன் தம்பி செஞ்சது தப்பைச் சரிபண்றது இல்ல. ஒப்பந்தத்துல மிச்சமிருந்த வேலை. அது அவருக்கே தெரியல." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாற்பது வருஷமாக இந்தத் தேதிகளை எண்ணுகிறேன், ஒரு தேதிக்குள் இப்படி ஒரு நாள் இருந்து பார்த்ததில்லை என்றார்.

நேற்று காலை கிளியர்வாட்டர் நீதிமன்றத்துக்குப் போனோம். கவுண்டரில் ஒரு பெண் மிட்டாய் மென்றுகொண்டிருந்தாள். காகிதங்களை எண்ணினாள், முத்திரை இயந்திரத்துக்கு அடியில் வைத்தாள், ஒரு சத்தம். 11.20. அவ்வளவுதான். மாலை ஐந்து மணிக்கு அணைந்திருக்க வேண்டியது அணையவில்லை. அவள் அடுத்த ஆளைக் கூப்பிட்டாள். நான் நகராமல் நின்றேன். ரூத் என் முழங்கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

இன்று வங்கி மேலாளர் வழக்கு எண்ணை எழுதிக்கொண்டு, ஜூனை டிசம்பர் என்று மாற்றினார். பட்டறை இருக்கிறது. நான் மாடியிலிருந்துதான் எழுதுகிறேன்.

இனி நீ கேட்டதைச் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்ததும் ஓட்டலுக்குப் போனேன். கூடத்தில் மேசைகள் காலி. கடிதத்தை நீட்டினேன். ஸ்டமாட்டிஸ் கண்ணாடி தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்றபடி படித்தான். ஈஸ்டர் வெடி வந்த பகுதியில் சிரிக்கத் தயாரானவன்போல் இருந்தான். பிறகு முகம் மாறியது. ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்கு வந்தான்.

"கத்தரீனா அங்கதான் ஆடினா" என்று தரையில் ஓர் இடத்தைக் காட்டினான். உனக்குத் தெரிந்திருக்கும், கண்ணாடித் துண்டு ஒட்டிய சுவருக்குப் பக்கம்.

பிறகு கோபம் வந்தது. வரும் என்று எதிர்பார்த்தேன். "மேல வந்து சொல்லியிருக்கணும் அக்கா. எம் பொண்ணு. அவனுக்கும் பொண்ணுதானே? ஒரு வார்த்த சொல்லியிருக்கணும்."

ஆமாம் என்றேன். உனக்காக வாதாடவில்லை. நீயே உனக்காக வாதாடவில்லையே.

நாளை வழக்குப் போடப்போகிறேன் என்றும் சொன்னேன். அவன் கடிதத்தை மடித்து என்னிடம் கொடுத்தான்.

"போடு. வித்தா அந்தப் பணத்துல உங்க பாக்கியும் போகட்டும். ஆனா தேதிய நான் மறுக்க மாட்டேன்னு என் வக்கீல்கிட்ட சொல்லிடறேன். கோர்ட்ல கேட்டா, இருபத்தஞ்சாம் தேதி தலை நனஞ்சு வந்தான், கேலி பண்ணினது நான்தான்னு சொல்றேன். நூத்தம்பது பேர் கேட்டாங்க." பிறகு, "அவன் அக்டோபர்ல வந்தா நேரா இங்க வரச் சொல்லு. திட்ட வேண்டியது பாக்கி இருக்கு" என்றான்.

வாசல் வரை என்னைக் கொண்டுவிட வந்தான். பாதியில் நின்று, இரண்டு ஷூவையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான். நூற்றுப் பத்துக் கிலோ மனிதன், தன் சொந்தக் கூடத்தில், நடுவில் கால் வைக்காமல் சுவரோரமாகவே வந்தான்.

நானும் அப்படித்தான் வந்தேன்.

எவ்டோகியா